தெளிந்த தேநீர் ஏன் கலங்குகிறது?

பால் சேர்க்காத டீயைக் கொஞ்சம் திடமாகப் போட்டு, வடிகட்டி, கண்ணாடி தம்ளரில் ஊற்றுங்கள். சூடாக இருக்கும்போது தம்ளருக்குப் பின்னால் பிடித்த விரல் செம்பழுப்பு நிறத்தில் தெளிவாகத் தெரியும். ஃப்ரிட்ஜில் சில மணி நேரம் வைத்து எடுத்தால் விரலைக் காணோம்; யாரோ ஒரு சொட்டுப் பால் விட்டதுபோல டீ மங்கியிருக்கும். கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். லேசாகச் சூடாக்கினால் மறுபடி தெளியும்.

இந்தக் கலங்கலில் காஃபீனுக்கும் பங்கு உண்டு. ஆனால் பாட்டிலில் அடைத்த தேநீரில், குறிப்பாக கிரீன் டீயில், பெரிய தொல்லை தருவது புரதமும் பாலிஃபீனாலும் போடும் கூட்டுதான்.

பாலிஃபீனால் என்பது நமக்கு நாக்கில் பழக்கமான பொருள். வாழைக்கச்சலைக் கடித்தால் வாய் இழுத்துப் பிடிக்கிறதே, அது எச்சிலில் உள்ள புரதத்தைப் பாலிஃபீனால் பற்றிக்கொள்வதால் வருவது. எச்சிலின் அந்தப் புரதத்தில் புரோலின் என்ற அமினோ அமிலம் நிறைய. புரோலின் இருக்கும் இடத்தில் புரதச் சங்கிலி இறுக்கமாகச் சுருண்டுகொள்ள முடியாமல் விரிந்தே கிடக்கும். பாலிஃபீனாலின் தட்டையான வளையம் அதன்மேல் தட்டோடு தட்டு அடுக்கியதுபோல ஒட்டுகிறது; ஹைட்ரஜன் பிணைப்பு அதை இன்னும் இறுக்குகிறது. வாயில் நடந்தால் துவர்ப்பு. பாட்டிலில் நடந்தால் கலங்கல்.

சரி, பாலிஃபீனால் கூடக்கூடக் கலங்கலும் கூடுமா? அப்படி இல்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் சீபெர்ட்டும் உடன் ஆய்வாளர்களும் 1996-ல் இதற்கு ஓர் எளிய விளக்கம் தந்தார்கள். ஒரு புரதத்தில் பிடிமானமான இடங்கள் இத்தனைதான் என்று உண்டு. பாலிஃபீனாலுக்கு இரண்டு கைகள் என்று வைத்துக்கொள்வோம். புரதம் மிக அதிகமானால், ஒவ்வொரு பாலிஃபீனாலும் இரண்டு புரதங்களைக் கோத்துவிட்டு நின்றுவிடும். பாலிஃபீனால் மிக அதிகமானால், எல்லா இடங்களும் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். மறு கை நீட்டினாலும் பிடிக்க இடம் இருக்காது. இரண்டும் சரியான விகிதத்தில் சேரும்போதுதான் வலைபோலப் பின்னிக்கொண்டு, ஒளியைச் சிதறடிக்கும் அளவுக்குத் துகள் பெரிதாகிறது. கண்ணுக்குத் தெரியும் கலங்கல் அதுதான்.

தேநீரில் பாலிஃபீனால் தாராளம், புரதம் சொற்பம். எனவே இந்தக் கணக்குப்படி பாலிஃபீனாலைக் கொஞ்சம் எடுத்துவிட்டால் கலங்கல் குறையாமல், கூடவும் வாய்ப்பு இருக்கிறது!

ஜப்பானில் 1985-ல் 'இட்டோ என்' நிறுவனத்தின் கிரீன் டீ கேனில் வந்தது. 1990-ல் அதே நிறுவனம் அதைப் பெட் பாட்டிலில் விற்றது. கேனுக்குள் மறைந்திருந்த வண்டல், ஒளி புகும் பாட்டிலில் அப்பட்டமாகத் தெரியும். அங்கே அதை 'ஓரி' என்பார்கள்.

தடுக்கும் வழிகள் சில உண்டு. தேநீரை முதலிலேயே குளிரவைத்து, கலங்க விட்டு, சுழற்றிப் பிரித்து வடிகட்டலாம். டானேஸ் என்ற நொதியைச் சேர்த்தால், கேட்டகின்கள் என்ற தேயிலைப் பாலிஃபீனால்களில் நன்றாக ஒட்டும் பகுதியான கேலேட் கழன்றுவிடும். பீர் ஆலைகளில் பாலிஃபீனாலை உறிஞ்ச பிவிபிபி தூளைப் போடுகிறார்கள். அதைத் தேநீரில் அள்ளிப் போட்டால் தெளிவு கிடைக்கும். அப்புறம் பாட்டிலில் டீ எங்கே இருக்கும்? துவர்ப்பை விட்டுவைத்துப் புரதத்தை மட்டும் குறைப்பதே நல்ல வழி என்பது என் எண்ணம். பீரில் சிலிக்கா ஜெல் அதைத்தான் செய்கிறது: புரோலின் நிறைந்த புரதத்தைத் தேடிப் பிடித்து, மற்றவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது.