சமயபாடம், சமயக் கல்வி, மதபோதனை

இலங்கையில் பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் க.பொ.த. (கல்விப் பொதுத் தராதர) சாதாரண தரப் பரீட்சைக்குக் கட்டாயப் பாடங்கள் ஆறு. முதல்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகியவற்றோடு சமயமும் ஒன்று. யாழ்ப்பாணத்தில் 'சமய ரீச்சர்' என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியின் கால அட்டவணையில் அப்படியொரு வகுப்பே கிடையாது. அதனால் 'ரிலிஜியஸ் எஜுகேஷன்' என்பதைத் தமிழில் எழுத வேண்டி வந்தால் இங்கே ஆளுக்கொரு சொல்லைப் போடுகிறார்கள்: மதபோதனை, மதக் கல்வி, சமயக் கல்வி, சமயபாடம். எல்லாம் ஒன்றல்ல.

சமயம், மதம் இரண்டுமே வடசொற்கள். 'சமயம்' என்பதற்கு ஒன்றுகூடல் என்பது அடிப்படைப் பொருள். அதிலிருந்து உடன்பாடு, குறித்த வேளை, கூடி ஏற்ற கொள்கை என்று கிளைத்தது. 'சமயம் பார்த்துக் காலை வாரினான்' என்பதும் 'சைவ சமயம்' என்பதும் ஒரே வேர்தான். மணிமேகலையின் 27ஆம் காதையில் பல கொள்கையினரிடமும் மணிமேகலை போய்க் கேட்கிறாள். அவர்களுக்குச் 'சமயக்கணக்கர்' என்று பெயர். 'மதம்' எண்ணுதல் என்னும் வேரிலிருந்து வந்தது. கருத்து என்று பொருள். 'எழுவகை மதம்' என்று நன்னூல் சொல்வது நூலாசிரியர் பிறர் கருத்தை ஏற்பது, மறுப்பது போன்ற நிலைப்பாடுகளை. கடவுளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. யானைக்குப் பிடிக்கும் மதம் வேறு வடசொல். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டதால் மேடைப் பேச்சாளர்களுக்கு ஒரு சிலேடை இலவசமாகக் கிடைத்தது.

சிக்கல் இந்தச் சொற்களின் இரண்டாம் பாதியில்தான். போதனை என்பது உணர்த்துதல். 'புத்தர்' என்ற பெயருக்கும் அதே வேர். ஆனால் இன்றைய வழக்கில் ஒருவர் சொல்ல மற்றவர் ஏற்பதுதான் போதனை. யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடை என்ற நூல் அந்த வகை. உலகத்துக்குக் கருத்தா யார் என்று கேட்டுவிட்டு, சிவபெருமான் என்று விடையும் சொல்லிக்கொண்டே போகும். மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே கற்பித்தவர் நாவலர். கிறிஸ்தவர்களின் வினாவிடை முறையைச் சைவத்துக்குக் கொண்டுவந்தார். 1848இல் வண்ணார்பண்ணையில் அவர் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலைக்கு அது பொருந்திய முறைதான்.

கல்வி அப்படியல்ல. இங்கிலாந்தின் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் 'போதனை' என்ற பொருள்படும் சொல்லையே பயன்படுத்தியது. 1988இல் அதை மாற்றி 'கல்வி' என்றார்கள். கிறிஸ்தவத்துக்கு முதன்மை தந்தாலும், நாட்டிலுள்ள மற்றப் பெருஞ்சமயங்களையும் பாடத்திட்டம் கணக்கில் கொள்ள வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. நோன்பை எடுத்துக்கொள்ளுங்கள். கந்தசஷ்டி விரதத்தை எப்படிப் பிடிப்பது, எதை உண்ணலாம் என்று சொல்லிக்கொடுத்தால் போதனை. ரமலான் நோன்பு, தவக்காலம், சஷ்டி மூன்றையும் எடுத்துவைத்து, பசித்திருப்பதில் இவர்கள் எதைக் காண்கிறார்கள், எங்கே வேறுபடுகிறார்கள் என்று வகுப்பைப் பேசவிட்டால் கல்வி. இரண்டாவதைச் செய்யும் ஆசிரியருக்குத் தன் நம்பிக்கையைச் சற்று ஒதுக்கிவைக்கத் தெரிய வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளைகள் முன்னால் அது லேசான காரியமல்ல.

இந்தியச் சட்டத்திலும் இந்தக் கோடு உண்டு. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்விக்கூடங்களில் போதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு. சமயங்களைப் பற்றிப் படிப்பதை அது தடுக்கவில்லை என்று 2002இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆகவே 28ஆம் பிரிவைப் பற்றி எழுதும்போது 'சமயக் கல்விக்குத் தடை' என்பது பிழை. 'சமயபோதனைக்குத் தடை' என்பதே சரி.

மலேசியாவில் முஸ்லிம் அல்லாத மாணவர்கள் படிக்கும் 'நன்னெறிக் கல்வி' ஒழுக்கப் பாடம். அதை இங்கே இழுக்க வேண்டாம். கத்தோலிக்கர் தம் பிள்ளைகளுக்கு நடத்துவது மறைக்கல்வி. முன்பு ஞானோபதேசம் என்றார்கள். பொதுவாகத் துறையைக் குறிக்கச் சமயக் கல்வி, அட்டவணையிலும் பரீட்சையிலும் உள்ள பாடத்துக்குச் சமயபாடம். 'மதக் கல்வி' தவறில்லை, ஆனால் 'மதவாதம்', 'மதக் கலவரம்' என்று செய்தித்தாள் பழக்கிவிட்ட காதுக்கு அது உறுத்தும்.

கற்பிப்பவரைச் 'சமயபாட ஆசிரியர்' என்றே எழுதுங்கள். சுருக்குகிறேன் என்று 'சமயாசாரியர்' ஆக்கினால், சம்பந்தர், அப்பர், சுந்தரர், மாணிக்கவாசகர் வரிசையில் அவரை ஐந்தாவதாக உட்காரவைத்துவிடுவீர்கள்.