வயலுக்கு வயல் பாயும் நீரும் மனிதர் பழக்கமும்

காவிரி டெல்டாவின் பல ஊர்களில் ஒவ்வொரு வயலுக்கும் தனி வாய்க்கால் கிடையாது. மேல் வயலில் நிரம்பும் தண்ணீர், வரப்பில் வெட்டிவிட்ட வாமடை வழியாகக் கீழ் வயலுக்கு இறங்குகிறது. கீழ் வயல்காரர் பட்டம் தவறிப் பிந்தி நட்டுவிட்டால், அறுப்புக்காகக் காய வேண்டிய மேல் வயலின் ஊடாகத்தான் அவர் தண்ணீர் கேட்டு நிற்க வேண்டியிருக்கும். எனவே நாற்று விடும் நாள் முதல் தண்ணீர் வடிக்கும் நாள் வரை, பக்கத்து வயல்காரரின் முகம் பார்த்தே முடிவெடுக்க நேர்கிறது.

இத்தகைய வேளாண்மை அதில் ஈடுபடுவோரின் இயல்பையே வடிவமைக்கிறது என்ற கருத்தை உளவியல் ஆய்வாளர் தாமஸ் தல்ஹெல்மும் அவருடைய குழுவினரும் 2014-ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் முன்வைத்தார்கள். சீனாவின் வடக்கே கோதுமையும் தெற்கே நெல்லும் விளைகின்றன. கோதுமைக்கு மழையே பெரும்பாலும் போதும். நெல்லுக்கோ ஏறத்தாழ இரு மடங்கு உழைப்பும், பலர் கூடிப் பராமரிக்கும் பாசனமும் வேண்டும். தம்மையும் நண்பர்களையும் வட்டங்களாக வரையச் சொன்னபோது, கோதுமைப் பகுதி மாணவர்கள் தம் வட்டத்தைச் சற்றுப் பெரிதாக வரைந்தார்கள். நெல் பகுதியினரிடம் அந்தப் போக்கு காணப்படவில்லை.

2018-இல் வெளியான மற்றோர் ஆய்வுக்காக, சீன நகரங்களின் காபிக் கடைகளில் வழியை மறிக்கும்படி இரண்டு நாற்காலிகளை நெருக்கிப் போட்டு வைத்துக் கவனித்தார்கள். நாற்காலியை நகர்த்தியவர்கள் நெல் பகுதியைவிடக் கோதுமைப் பகுதி நகரங்களில் அதிகம். நெல் பகுதி நகரங்களிலோ பெரும்பாலோர் உடம்பை ஒடுக்கிக்கொண்டு இடையில் நுழைந்து போனார்கள். இவர்களில் பலர் வயலில் கால் வைத்தே இராத நகரவாசிகள் என்பதுதான் என்னை மிகவும் யோசிக்க வைக்கிறது. ஏர் பிடித்த தலைமுறை மறைந்த பிறகும் அதன் பழக்கம் வளர்ப்பின் வழியாகத் தொடர்கிறது போலும்.

வரலாறு, தட்பவெப்பம் போன்ற வேறு காரணங்கள் இருக்கலாமே என்ற மறுப்பு நியாயமானது. அதற்கு விடை தேடி, வடமேற்குச் சீனாவின் நிங்சியாவில் உள்ள இரு அரசுப் பண்ணைகளை ஆராய்ந்து 2024-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அங்கே யார் நெல் விளைவிப்பது, யார் கோதுமை விளைவிப்பது என்பதை முடிவு செய்தது அரசு. அங்கும் நெல் பண்ணையினரிடமே கூட்டு மனப்பான்மை மிகுந்திருந்தது.

ஆனால் கூட்டு மனப்பான்மையை அன்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நெல் பகுதிகளில் பிறரோடு தம்மை ஒப்பிட்டுப் பார்ப்பதும், அதனால் வரும் மனக்குறைவும் கூடுதல் என்று இதே துறையின் ஆய்வுகள் காட்டுகின்றன. நம் டெல்டாவிலோ நிலம் வைத்திருந்தவரும் சேற்றில் இறங்கி நட்டவரும் ஒருவரல்லர். கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் நடுவே, 1968-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதும் இதே நெல் பூமியில்தான். சாதியையும் நில உடைமையையும் விட்டுவிட்டுப் பாசனத்தை மட்டும் கொண்டு இந்த மண்ணின் மனிதர்களை விளக்க முடியாது என்றே கருதுகிறேன்.

வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்படும் மேட்டூர் அணைக்காகக் காத்திராமல், ஆழ்குழாய்க் கிணறு உள்ளவர்கள் இன்று முன்கூட்டியே குறுவை நெல் நடுகிறார்கள். தண்ணீருக்காக அவர்கள் மேல் வயல்காரரைக் கேட்க வேண்டியதில்லை. மோட்டாரை நம்பும் குடும்பத்தையும் கடைமடையில் வாய்க்காலை மட்டுமே நம்பும் குடும்பத்தையும் ஒப்பிட்டு முறையாக ஆராய, டெல்டாவைவிடப் பொருத்தமான களம் எளிதில் கிடைக்காது.