டர்போ காருக்கு எந்த ஆயில்? கேனைத் திருப்பிப் பாருங்கள்

"லாரிக்கு ஊத்தறதத்தானுங்க தம்பி இதுக்கும் ஊத்துனேன். லாரி ஆறு லட்சம் கிலோமீட்டர் ஓடிருச்சு, ஒரு குறையும் இல்ல."

சங்ககிரிப் பக்கமிருந்து வந்த அண்ணன். சொந்தமாக மூன்று லாரி ஓட்டுகிறவர். வீட்டு ஷெட்டில் பேரல் பேரலாக 15டபிள்யூ-40 ஆயில் இருக்கிறது. குடும்பத்துக்கென்று வாங்கிய பிஎஸ்-6 (புதிய புகை விதிக்கு உட்பட்ட) டீசல் காருக்கும் அதிலிருந்தே ஊற்றிவிட்டார். லாரிக் கணக்கிலேயே இருபதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியிருக்கிறார். வண்டி ஈரோட்டில் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தபோது ஆக்சிலேட்டர் மிதித்தால் விசில் மாதிரி ஒரு சத்தம், இழுவை இல்லை, மீட்டரில் டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) விளக்கு எரிகிறது.

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவைக் கழற்றி பெஞ்சில் வைத்தோம். ஷாஃப்ட்டை விரலால் பிடித்து அசைத்தால் பக்கவாட்டில் தாராளமாக ஆடியது. கம்ப்ரஸர் வீலின் இறக்கை நுனிகள் ஹவுசிங்கில் உரசி, உள்பக்கம் வெள்ளிக்கோடு போட்டிருந்தது. டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் சின்னப் பைப்பை ஒரு வெள்ளைத் துணியின் மேல் தட்டினேன். கருகிய தோசைக்கல்லைச் சுரண்டினால் வருமே, அதுபோலக் கருப்புச் செதில்கள் உதிர்ந்தன. அண்ணன் அதைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

அந்தச் செதில்கள் ஒருகாலத்தில் ஆயிலாக இருந்தவை. டர்போவின் ஒருபக்கச் சக்கரத்தை எஞ்சினிலிருந்து வரும் எரிந்த வாயு சுழற்றுகிறது. டீசல் என்றால் அந்த வாயு 800 டிகிரியைத் தொடும், பெட்ரோல் டர்போவில் 950 டிகிரிக்கு மேலும் போகும். சின்னக் கார் டர்போவின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் சுற்று சுற்றுகிறது. பெரும்பாலான டர்போக்களில் அந்த ஷாஃப்ட்டைத் தாங்குவது பால் பேரிங் அல்ல. தலைமுடியைவிட மெல்லிய ஆயில் படலத்தில் அது மிதந்துகொண்டிருக்கிறது. ஆயிலுக்கு அங்கே இரண்டு வேலை. ஷாஃப்ட்டைத் தாங்க வேண்டும், சூட்டையும் வெளியே இழுத்துப்போக வேண்டும். பழசான ஆயில் அந்தச் சூட்டில் கருகிப் பைப்பில் படிகிறது. பைப் சுருங்கினால் படலம் மெலிகிறது, படலம் போனால் உலோகமும் உலோகமும் தேய்கின்றன.

15டபிள்யூ-40 மட்டுமே அந்த டர்போவைக் கொன்றது என்று நான் சொல்லமாட்டேன். தப்பான ஆயில், இருபதாயிரம் கிலோமீட்டர் இடைவெளி, அடைத்த டிபிஎஃப் மூன்றும் சேர்ந்து செய்த வேலை அது. ஆனால் மூன்றுக்கும் பின்னால் இருந்த எண்ணம் ஒன்றுதான்: ஆயில் என்றால் ஆயில்தானே, கெட்டியாக இருந்தால் நல்லதுதானே.

இந்த எண்ணம் நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. "நம்ம ஊர் வெயிலுக்குத் தண்ணி மாதிரி ஆயில் தாங்குமா?" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். வெளியே 40 டிகிரி வெயில் அடித்தாலும், ஊட்டியில் 8 டிகிரி குளிர் என்றாலும், எஞ்சின் சூடேறிய பிறகு சம்ப்பில் (எஞ்சினின் அடித்தொட்டியில்) உள்ள ஆயில் பெரும்பாலும் 90 முதல் 110 டிகிரிக்குள்தான் இருக்கும். அந்தச் சூட்டுக்கு எவ்வளவு கெட்டி வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் கம்பெனி பேரிங் இடைவெளியையும் ஆயில் பம்பையும் வடிவமைத்திருக்கிறது.

5டபிள்யூ-30 என்பதில் 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னால் உள்ள எண், கடுங்குளிரில் ஆயில் எவ்வளவு இளகி இருக்கும் என்பதைச் சொல்வது. 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியில் சோதிக்கிறார்கள், 15டபிள்யூவை மைனஸ் 20-இல். பின்னால் உள்ள எண் 100 டிகிரி சூட்டில் இருக்கும் கெட்டித்தன்மை.

"மைனஸ் 30 டிகிரிக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஆயில் 40 டிகிரியில் இருக்கும்போது வழக்கமான 5டபிள்யூ-30 சுமார் 65 சென்டிஸ்டோக் கெட்டி, 15டபிள்யூ-40 சுமார் 110. அதாவது சித்திரை மாசத்துக் காலையில் ஸ்டார்ட் பண்ணினாலும் எஞ்சினைப் பொறுத்தவரை அது 'குளிர்ந்த' ஸ்டார்ட்தான். கெட்டியான ஆயில் பம்பிலிருந்து மேலேறி டர்போவைத் தொட அந்தச் சில நொடி கூடுதலாகிறது. ஃபில்டருக்குள் நுழைய அது திணறினால் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில் நேராக எஞ்சினுக்குள் போகும். தினமும் காலையில், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுவிடும் அவசரத்தில் ஸ்டார்ட் செய்ததும் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது, ஷாஃப்ட் கிட்டத்தட்ட வறண்டு சுற்றுகிறது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். எண் சரியாக இருந்தாலே ஆயில் சரி என்று அர்த்தமில்லை.

கடையில் ஒரே விலைக்கு இரண்டு 5டபிள்யூ-30 கேன் இருக்கலாம், இரண்டும் முழு சிந்தெடிக். கேனைத் திருப்புங்கள். ஒன்றில் ஏசிஇஏ சி3 என்ற ஐரோப்பியத் தர முத்திரையும் இன்னொன்றில் ஏபிஐ எஸ்பி என்ற அமெரிக்கத் தர முத்திரையும் இருக்கும். 150 டிகிரியில் பேரிங்குக்குள் நசுங்கும்போதும் ஆயில் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்று அளப்பார்கள், ஹெச்.டி.ஹெச்.எஸ். என்று அதற்குப் பெயர். சி3 முத்திரை வேண்டுமென்றால் அது 3.5-க்குக் குறையக்கூடாது. சாதாரண 5டபிள்யூ-30-க்கு 2.9 இருந்தாலே போதும். டர்போ பேரிங் அனுபவிப்பது இந்த வித்தியாசத்தைத்தான், முன்பக்கத்தில் பெரிதாக அச்சடித்த எண்ணில் இது தெரியாது.

அடுத்தது சாம்பல். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்ததிலிருந்து பெரும்பாலான டீசல் கார்களின் சைலன்ஸர் வழியில் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. புகைக்கரியைப் பிடித்துவைத்து, 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி எரித்துவிடும் வேலை அதனுடையது. கரி எரியும். ஆனால் ஆயிலில் கலந்திருக்கும் கால்சியம், துத்தநாகம் போன்றவை விடும் சாம்பல் எரியாது, அங்கேயே தங்கும். சி3 ஆயிலில் இந்தச் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதே ஏசிஇஏவின் ஏ3/பி4 தர ஆயிலில் 1.6 சதவீதம் வரை இருக்கலாம். பழைய சிஐ-4 தர லாரி ஆயில்களும் சாம்பல் கூடியவைதான், டிபிஎஃப்பை மனதில் வைத்து உருவான தரம் அல்ல அது. சங்ககிரி அண்ணன் ஊற்றியது அந்த வகை. டிபிஎஃப் அடைத்ததும் டர்போவிலிருந்து வெளியேற வேண்டிய வாயு முட்டி நிற்கும், அதன் சூடு டர்போவிலேயே தங்கும். அவருடைய லாரி நன்றாக ஓடியது பொய்யில்லை. அந்த லாரியில் டிபிஎஃப் கிடையாது.

பெட்ரோல் டர்போ வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டு நிம்மதியடைய வேண்டாம், உங்களுக்கு வேறொரு சங்கடம். சின்ன எஞ்சின், நேரடி இன்ஜெக்‌ஷன், டர்போ மூன்றும் சேர்ந்த கார்களில், குறைந்த ஆர்பிஎம்மில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே சிலிண்டருக்குள் தானாகத் தீப்பிடிக்கலாம். எல்எஸ்பிஐ என்பார்கள். ஒரே அடியில் பிஸ்டனின் ரிங் பள்ளம் உடைந்துபோகும் அளவுக்கு வலுவான வெடிப்பு. சிலிண்டர் சுவரில் ஒட்டும் ஆயில் துளி பெட்ரோலோடு கலந்து பற்றிக்கொள்வது ஒரு முக்கியக் காரணம், ஆயிலில் கால்சியம் அதிகமிருந்தால் ஆபத்து கூடுகிறது. இதற்காகவே 2018-இல் எஸ்என் பிளஸ் என்ற தரம் வந்தது, 2020-இல் எஸ்பி வந்தது. எஸ்பி தரத்தில் டைமிங் செயின் தேய்மானத்துக்கும் தனிச் சோதனை உண்டு. இன்றும் கடைகளில் எஸ்எல், எஸ்எம் என்று பழைய தரம் போட்ட ஆயில் மலிவாகக் கிடைக்கிறது. பழைய 800 சிசி காருக்குத் தாராளமாக ஊற்றுங்கள். நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ காருக்கு வேண்டவே வேண்டாம். அதோடு, ஸ்பீடு பிரேக்கர் தாண்டி நாலாவது கியரிலேயே திணறத் திணற மிதிக்கும் பழக்கத்தையும் விட்டுவிட்டு ஒரு கியர் இறக்குங்கள்.

ஐரோப்பியக் கார் என்றால் கம்பெனியின் சொந்த எண்களும் சேர்ந்துகொள்ளும்: ஃபோக்ஸ்வேகன் 504.00/507.00, மெர்சிடிஸ் 229.51, பிஎம்டபிள்யூ எல்எல்-04 என்று. கேனில் அந்த எண்ணுக்கு முன்னால் 'அப்ரூவ்டு' என்று இருக்கிறதா, 'சூட்டபிள் ஃபார்' என்று இருக்கிறதா என்று கவனியுங்கள். முன்னது கார் கம்பெனி சோதித்து ஒப்புக்கொண்டது. பின்னது ஆயில்காரர் தானே சொல்லிக்கொள்வது. வாரண்டியில் இருக்கும் வண்டிக்கு முன்னதைத்தான் நான் ஊற்றுவேன்.

ஃபோர்டின் ஒரு லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் டைமிங் பெல்ட் ஆயிலிலேயே நனைந்து ஓடுகிறது. பொருந்தாத ஆயில் ரப்பரை அரித்து, அந்தத் துகள் ஆயில் பம்பின் ஸ்ட்ரெய்னரை (வாய் வலையை) அடைத்து, எஞ்சினே போய்விடும். இப்போதும் ஊரில் அந்த எஞ்சின் உள்ள ஈகோஸ்போர்ட் கார்கள் ஓடுகின்றன. வைத்திருப்பவர்கள் மேனுவலில் உள்ள எண்ணிலிருந்து ஒரு எழுத்துகூட மாறாமல் ஊற்றுங்கள்.

ஆக, மேனுவலை எடுங்கள். கடைசிப் பக்கங்களில் ஆயில் அட்டவணை இருக்கும். கெட்டித்தன்மை எண், தரம், கொள்ளளவு மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில மேனுவல்களில் ஒன்றுக்கு மேற்பட்ட கிரேடு கொடுத்திருப்பார்கள். ஏழுபேரை ஏற்றிக்கொண்டு அடிக்கடி மலை ஏறுகிறவர், நான்குவழிச் சாலையிலேயே வண்டியை ஓட்டுகிறவர் என்றால் அந்தப் பட்டியலுக்குள் இருப்பதில் கெட்டியானதைத் தேர்ந்தெடுக்கலாம். பட்டியலைத் தாண்டிப் போகாதீர்கள். 0டபிள்யூ-20 மட்டும் போட்டிருக்கும் வண்டிக்கு 20டபிள்யூ-50 ஊற்றி "இப்ப சத்தம் குறைஞ்சிருச்சு பாருங்க" என்று சொல்லும் மெக்கானிக்கை நம்பாதீர்கள். கெட்டி ஆயில் சத்தத்தை அமுக்கும், அதற்காக எஞ்சினுக்கு நல்லதாகிவிடாது.

இடைவெளி விஷயத்தில் நான் கறார். மேனுவலில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்று இருந்தால், எது முதலில் வருகிறதோ அதுதான். சிக்னல் நெரிசல், குறைந்த தூரம், மலைப்பாதை என்று ஓடும் வண்டிக்கு அதே மேனுவலில் 'கடுமையான பயன்பாடு' என்று ஒரு குறுகிய அட்டவணை இருக்கும். நம்மில் பாதிப்பேர் அந்த அட்டவணையில்தான் வருவோம், ஆனால் அந்தப் பக்கத்தை யாரும் திறப்பதில்லை.

ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை மாதம் ஒருமுறையாவது இழுத்துப் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து. டீசல் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுக்கும், பயப்பட வேண்டாம், கரியைச் சுமப்பது அதன் வேலை. பயப்பட வேண்டியது அளவு *கூடினால்*. கூடுகிறது என்றால் பெரும்பாலும் எரிபொருள் கலக்கிறது என்று அர்த்தம். தினமும் மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் டீசல் காரில் டிபிஎஃப் தன்னை எரித்துச் சுத்தம்செய்யத் தொடங்கும், பாதியில் வண்டியை அணைத்துவிடுவோம், எரியாத டீசல் சம்ப்பில் இறங்கும். டிப்ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோனாலே தெரிந்துவிடும். அப்படியிருந்தால் கிலோமீட்டரைப் பார்க்காமல் ஆயிலை மாற்றுங்கள்.

வழியில் அளவு குறைந்துவிட்டது, சரியான ஆயில் கிடைக்கவில்லை என்றால், கிடைக்கும் நல்ல ஆயிலில் நெருங்கிய கிரேடாகப் பார்த்து அரை லிட்டர் ஊற்றிக்கொண்டு வாருங்கள். ஆயில் இல்லாமல் ஓட்டுவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஊர் வந்ததும் முழுதாக மாற்றிவிடுங்கள். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் மட்டும் ஒரு மீட்டர்கூட நகர்த்தக் கூடாது.

கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி, உச்சியில் நிறுத்திய அடுத்த நொடி சாவியைத் திருப்பாதீர்கள். ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். அணைத்ததும் ஆயில் ஓட்டம் நின்றுவிடும், டர்போவின் சூடு நிற்காது. அந்தக் கருப்புச் செதில் உருவாவது அந்த நேரத்தில்தான்.

அண்ணனுடைய காருக்கு டர்போவின் நடுப்பகுதியான கேட்ரிட்ஜ் புதிதாகவும், புது ஆயில் பைப்பும் போட்டோம். டிபிஎஃப்பைக் கழற்றிச் சுத்தம்செய்து மாட்டினோம். சம்ப்பைக் கழற்றி ஸ்ட்ரெய்னரைக் கழுவி, மேனுவலில் இருந்த சி3 ஆயிலை ஊற்றினோம். ஆன மொத்தச் செலவில் அந்த ஆயிலைப் பத்து வருடத்துக்கு வாங்கியிருக்கலாம்.

கடைசியாகப் போலி ஆயில். காலி கேனை நல்ல விலைக்கு எடுத்துப்போய், வடிகட்டிய பழைய ஆயிலை நிரப்பி, புது மூடி போட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். பில் கொடுக்கும் கடையில் வாங்குங்கள், மூடியின் சீலையும் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள், சீலை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். ஊற்றி முடித்ததும் காலி கேனின் அடியில் ஸ்க்ரூ டிரைவரால் ஒரு ஓட்டை போடச் சொல்லுங்கள். என் ஒர்க்‌ஷாப்பில் ஓட்டை போடாத கேன் வாசலைத் தாண்டாது.