கிட்டார் கத்தினால் ட்ரெபிளில் கை வைக்காதீர்கள்

மேடையில் எலக்ட்ரிக் கிட்டார் கீச்சென்று கத்த ஆரம்பித்ததும் மிக்ஸரில் இருப்பவரின் கை நேராக ட்ரெபிள் (கூர்மையான மேல்தொனி) குமிழுக்குப் போகிறது. கத்தல் நிற்கிறது. ஆனால் கிட்டார்காரருக்குத் தன் வாசிப்பு கேட்காமல் போவதால் ஆம்ப்பை, அதாவது கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டியை, கூட்டுகிறார். மறுபடி கத்தல், மறுபடி ட்ரெபிள் குறைப்பு. கச்சேரி முடிவதற்குள் கிட்டார் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல ஆகிவிடுகிறது. திருவிழா மேடை, சர்ச் ஆராதனை, கல்யாண மண்டபம் என்று எங்கே சவுண்ட் பார்க்கப் போனாலும் இதுதான் நடக்கிறது.

முதலில் கத்துவது எது என்று கண்டுபிடியுங்கள். கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்போதும் கத்தினால் கோளாறு பெடல்களிலோ (ஒலியை மாற்றக் காலால் அழுத்தும் பெட்டிகள்) அதற்குப் பிறகோ இருக்கிறது. நின்றுவிட்டால், வால்யூமைப் பழையபடி ஏற்றி, ஆறு கம்பிகளையும் உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். இப்போது சத்தம் அடங்கினால், ஸ்பீக்கரின் ஒலி கம்பிகளை அதிர வைக்கிறது என்று அர்த்தம். ஆம்ப்பை விட்டு நாலடி தள்ளி நின்றாலோ உடம்பைக் கொஞ்சம் திருப்பினாலோ போதும்.

கம்பியைப் பிடித்த பிறகும் ஊசி போன்ற கீச்சு விடாமல் வந்தால் பெரும்பாலும் பிக்கப்தான் காரணம். கம்பிகளின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகம் அது. உள்ளே ஆயிரக்கணக்கான சுற்றாக இருக்கும் மெல்லிய செம்புக் கம்பி தளர்ந்திருந்தால், அது சத்தத்தில் அதிர்ந்து தானே ஒரு மைக் ஆகிவிடும். இதற்கு ஈக்யூவில் (ட்ரெபிள் போன்ற தொனிக் குமிழ்களில்) மருந்து கிடையாது. பிக்கப்பைக் கழற்றி உருகிய மெழுகில் முக்கி எடுத்து, சுற்றுகளை அசையாமல் கட்ட வேண்டும். தெரிந்த கிட்டார் மெக்கானிக்கிடம் கொடுங்கள். வீட்டு அடுப்பில் செய்ய வேண்டாம். சூடு கூடினால் பிக்கப்பின் பிளாஸ்டிக் வளையும், மெழுகும் தீப்பிடிக்கும்.

அடுத்தது கெயின், அதாவது சிக்னலை எவ்வளவு பெருக்கி டிஸ்டார்ஷன் (கரகரப்பு) வரவைக்கிறோம் என்ற அளவு. வீட்டில் சின்ன சத்தத்தில் வாசிக்கும்போது டிஸ்டார்ஷனை முக்கால்வாசிக்கு மேல் வைத்தால்தான் நன்றாக இருக்கும். அதே அளவை மேடைக்குக் கொண்டுவந்தால், கம்பிக்கும் பிக்கப்புக்கும் வரும் சின்னச் சின்ன அதிர்வுகளையும் அது பெரிதாக்கிவிடும். கூடவே சின்ன ஒலியையும் பெரிய ஒலிக்குச் சமமாக்கும் கம்ப்ரெஸரும் இருந்தால் சொல்லவே வேண்டாம். கெயினைப் பாதியாக்கி, வால்யூமைத் தேவைக்கு ஏற்றிப் பாருங்கள். கத்தல் குறையும், ஒவ்வொரு ஸ்வரமும் தெளிவாகக் கேட்கும்.

இன்னொன்று, ஆம்ப் தரையில் இருக்கும், வாசிப்பவரின் காது ஐந்தடி உயரத்தில் இருக்கும். ஸ்பீக்கரின் கூர்மையான ஒலி நேர்கோட்டில் போய் அவர் முழங்காலில் படுகிறது. அதனால்தான் அவர் கூட்டிக்கொண்டே போகிறார், முன்வரிசைக்காரர்கள் காதைப் பொத்துகிறார்கள். ஆம்ப்பை ஒரு நாற்காலியில் ஏற்றி வையுங்கள், இல்லையென்றால் சாய்த்து வையுங்கள்.

ஆம்ப் இல்லாமல் மல்டி எஃபெக்ட்ஸிலிருந்து (பல பெடல்கள் சேர்ந்த ஒரே பெட்டி) நேராக மிக்ஸருக்குப் போகிறவர்கள் அதிலுள்ள கேபினெட் சிமுலேஷனை (கிட்டார் ஸ்பீக்கர் போல ஒலியை மாற்றும் வசதி) கட்டாயம் போடுங்கள். கிட்டார் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியைப் பெரிதும் இறக்கிவிடும். மேடை ஸ்பீக்கர் அப்படி இறக்காது. அதனால்தான் டிஸ்டார்ஷன் நேராகப் போனால் கொசு ரீங்காரம் மாதிரி கேட்கிறது.

பாடகரின் மைக் கூவினால் பெரும்பாலும் மானிட்டர் (பாடகர் தன் குரலைக் கேட்கும் மேடை ஸ்பீக்கர்) தவறான இடத்தில் இருக்கும். முன்பக்க ஒலியை மட்டும் அதிகம் பிடிக்கும் சாதாரண கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்புறத்தில்தான் காது மந்தம். மானிட்டர் அங்கேதான் இருக்க வேண்டும். இன்னும் குறுகலாகப் பிடிக்கும் சூப்பர் கார்டியாய்டுக்கு, பின்புறத்திலிருந்து சற்றுப் பக்கவாட்டில். பாடகர் மைக்கின் தலையைக் கையால் மூடிப் பிடித்தால் இந்தத் திசைக்கணக்கெல்லாம் போய்விடும். இடத்தைச் சரிசெய்த பிறகும் கூவினால், எந்த அலைவரிசை கூவுகிறதோ அதை மட்டும், ஒவ்வொரு அலைவரிசைக்கும் தனிக் கட்டுப்பாடு உள்ள கிராஃபிக் ஈக்யூவில் மூன்று முதல் ஆறு டெசிபல் வரை இறக்குங்கள்.

கடைசியாக, ஹம்மிங். "ம்ம்ம்" என்ற அடித்தொனி, கரண்டிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். அதை நிறுத்த பிளக்கின் எர்த் பின்னை ஒடிப்பவர்களை, இரண்டு முனை அடாப்டரில் செருகுபவர்களை நிறையப் பார்க்கிறேன். ஹம்மிங் நிற்கும், உண்மைதான். ஆனால் கிட்டார் கம்பி ஆம்ப்பின் உலோக உடலோடு இணைந்தது. ஆம்ப்பில் கரண்ட் கசிந்தால் கம்பியிலும் இருக்கும். அதைப் பிடித்தபடி உதட்டை மைக்கில் வைத்தால் கரண்ட் உடம்பு வழியாகத்தான் போகும். 1972இல் வேல்ஸின் ஸ்வான்சீ நகரில் ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார்.

எர்த்தை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள். ஆம்ப் ஜெனரேட்டரிலும் மிக்ஸர் ஈபி லைனிலும் ஓடினால் இரண்டையும் ஒரே லைனுக்கு மாற்றுங்கள். கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் இருக்கிறது. அது சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டும் பிரிக்கும், கரண்ட் எர்த்தைத் தொடாது. மேடை லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) ஒன்று கட்டாயம் வேண்டும். சவுண்ட் செக்குக்கு முன் டெஸ்டரை மைக் வலையிலும் கிட்டார் கம்பியிலும் வைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். விழாக் கமிட்டி அவசரப்படுத்தினாலும் அவர் பார்த்துச் சரிசெய்யும்வரை யாரையும் மேடையேற விடாதீர்கள்.