மான்டாக் பீனிக்ஸ் பறவை இல்லை

"சாம்பலிலிருந்து எழும் பீனிக்ஸ் போல மான்டாக் புதுப்பிறவி எடுக்கிறான்." ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' (1953) நாவல், புத்தகங்களை எரிப்பதே வேலையாக இருந்த தீயணைப்பு வீரன் மான்டாக்கின் கதை. அதற்கான விடைத்தாள்களில் இந்த வருடமும் அதே வரி. நோட்ஸிலிருந்து நோட்ஸுக்குத் தொற்றிக்கொண்டு வருகிறது. முதல் சில பக்கங்களைப் புரட்டியிருந்தால் யாரும் இதை எழுதியிருக்க மாட்டார்கள்.

பீனிக்ஸ் அவன் மார்பில் தொடக்கத்திலேயே இருக்கிறதே! தலைக்கவசத்தில் 451, சட்டைக் கையில் சாலமாண்டர் (நெருப்பில் வாழ்வதாக நம்பப்பட்ட பல்லி போன்ற பிராணி), மார்பில் பீனிக்ஸ் வில்லை. புத்தகம் எரிப்பவர்களின் சீருடை அது. (ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: 'தீயணைப்பு வீரர்' என்று தமிழில் சொன்னதும் 'ஃபயர்மேன்' என்பதன் இரட்டை அர்த்தம் (தீயை அணைப்பவர், தீ வைப்பவர்) போய்விடும். வகுப்பில் மறக்காமல் சொல்லுங்கள்.) கடைசியில், புத்தகங்களை மனப்பாடமாகக் காப்பவர்களின் தலைவர் கிரேஞ்சர் பீனிக்ஸ் கதையை எடுப்பதும் மான்டாக்கைப் பாராட்ட இல்லை. சில நூறு வருடங்களுக்கு ஒருமுறை தனக்குத் தானே சிதை மூட்டிக்கொள்ளும் அசட்டுப் பறவை, மனிதனுக்கு நெருங்கிய சொந்தம் என்கிறார். செய்த முட்டாள்தனம் நமக்கு நினைவிருக்கிறது, அதற்கு இல்லை. அந்த ஒரு வித்தியாசத்தில்தான் அவருடைய நம்பிக்கையே நிற்கிறது.

"சொந்த வீட்டை எரித்ததும் மாறிவிட்டான்" என்பது அடுத்த தப்பு. உத்தரவு போட்டவர் அவனுடைய மேலதிகாரி பீட்டி. படுக்கையையும் சுவரளவு தொலைக்காட்சித் திரைகளையும் கொளுத்தும்போது மான்டாக்குக்குப் பழைய ருசியே திரும்புகிறது. தீக்குழலைப் பீட்டி மேல் திருப்பும்போதும் அவனுக்குத் தெரிந்த வழி எரிப்பது ஒன்றுதான்.

மாற்றம் தண்ணீரில் நடக்கிறது. உடையைக் களைந்து, அவனுக்கு உதவும் முன்னாள் பேராசிரியர் ஃபேபரின் பழைய துணிகளை மாட்டிக்கொண்டு ஆற்றோடு மிதக்கிறான். சூரியன் தினமும் காலத்தை எரிக்கிறது, தானும் எரித்தால் எல்லாமே எரிந்து முடியும். இனி எரிப்பதில்லை என்ற முடிவு அங்கேதான். கரையேறிய பிறகு தூரத்தில் சின்ன நெருப்பு. முதலில் ஆட்கள் தெரிவதில்லை. இருட்டுக்குள்ளிருந்து நீளும் கைகள் மட்டும் குளிர்காய்கின்றன. அதன் வாசனைகூட வேறு. நெருப்புக்குக் கொடுக்கவும் தெரியும் என்பது அதுவரை அவனுக்குத் தோன்றியதே இல்லை.

பென்சிலோடு படியுங்கள். நெருப்பு வரும் இடத்திலெல்லாம் ஓரத்தில் குறியுங்கள்: யார் மூட்டினார்கள், எது எரிகிறது, மான்டாக்கின் கைகள் என்ன செய்கின்றன. கைகளை விட்டுவிடாதீர்கள். புத்தகங்களோடு சேர்ந்து எரிந்துபோகும் கிழவியின் வீட்டில் புத்தகத்தைத் திருடுவது அவன் மனம் இல்லை, கை. அங்கே தீக்குச்சி கிழிப்பதும் கிழவியேதான், எரிக்க வந்த தீயணைப்பு வீரர்கள் இல்லை.

தயவுசெய்து மூன்றாம் பகுதியைச் சுருக்கத்தில் படித்துத் தப்பிக்காதீர்கள். அந்த ஆறு அங்கே "தப்பி ஓடுகிறான்" என்ற ஒற்றை வரியாகிவிடுகிறது.