முறைக்கூடு: ‘பேர்ட்ஸ் நெஸ்ட் கஸ்டடி’க்கு ஒரு தமிழ்ச்சொல்

மணமுறிவுக்குப் பின் பிள்ளையை இரண்டு வீடுகளுக்கு இடையே அலைய விடாமல், ஒரே வீட்டில் நிலையாக இருக்கச் செய்து, தாயும் தந்தையும் முறைவைத்து அங்கு வந்து தங்கி வளர்க்கும் ஏற்பாட்டை ஆங்கிலத்தில் ‘பேர்ட்ஸ் நெஸ்ட் கஸ்டடி’ என்றும், சுருக்கமாக ‘நெஸ்டிங்’ என்றும் சொல்கிறார்கள். பிள்ளையின் பள்ளி, பாய், தெருத் தோழர்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். வாரந்தோறும் பை கட்டிக்கொண்டு கிளம்புவது பெரியவர்கள்தான்.

‘கஸ்டடி’ என்பது காவலைக் குறிக்கும் ‘குஸ்தோதியா’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தண்டையார்பேட்டையிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் உயர் நீதிமன்ற வளாகத்துக் குடும்ப நல நீதிமன்றத்துக்கு வரும் பெற்றோர் ‘பிள்ளை யார் கஸ்டடியில் இருக்கு’ என்றே பேசிக்கொள்கிறார்கள். தமிழில் ‘காவல்’ என்றதும் போலீஸ் காவலும் நீதிமன்றக் காவலும் நினைவுக்கு வருவதால், ‘பறவைக்கூட்டுக் காவல்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பிள்ளை கைதி இல்லை. ‘வளர்ப்புப் பொறுப்பு’ என்பதே இங்கு பொருந்தும்.

‘கூட்டு வளர்ப்பு’ என்பதும் இதற்கு ஈடாகாது. பிரிந்த பெற்றோர் இருவரும் சேர்ந்து பொறுப்பேற்கும் எல்லா முறைகளுக்கும் அது பொதுப்பெயர்; இந்தியச் சட்ட ஆணையம் 2015-இல் தன் 257-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்த கூட்டுப் பொறுப்பும் அந்தப் பரந்த பொருளில் அடங்கும். கூடு ஒன்றே, வருகிறவர்கள் மட்டும் மாறுவார்கள் என்ற செய்தி அதில் இல்லை.

கூட்டுக்குக் ‘குடம்பை’ என்ற பழஞ்சொல்லும் உண்டு. ஆனால் ‘குடம்பை தனித்துஒழியப் புள்பறந் தற்றே’ என்ற குறள் (338), உடம்பை விட்டு உயிர் நீங்குவதற்கு அதை உவமையாக்கியிருக்கிறது. பரிமேலழகர் அங்கு முட்டை என்றே பொருள் கொண்டாலும், தனித்து ஒழிதல் என்ற துயரம் அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பிள்ளை தனித்து விடப்படக்கூடாது என்பதற்காகவே செய்யப்படும் ஏற்பாட்டுக்கு அந்தச் சொல் வேண்டாம். எளிய ‘கூடு’ போதும்.

அதற்கு முன்னால் நிற்க வேண்டிய சொல் ‘முறை’ என்பது என் துணிபு. பழைய வண்ணாரப்பேட்டையிலும் இராயபுரத்திலும் ஒரே வாசலுக்குள் நான்கைந்து போர்ஷன்களாக ஒண்டுக் குடித்தனம் இருந்தவர்களுக்கு ‘முறைவாசல்’ என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. பொதுவாசலைப் பெருக்கித் தெளித்துக் கோலம் போடும் பொறுப்பு குடும்பத்துக்குக் குடும்பம் சுற்றிவரும். வாசல் மாறாது, ஆள் மாறுவார், தன் முறை வந்தவர் பக்கத்துப் போர்ஷனோடு பேச்சுவார்த்தை இல்லாதவராக இருந்தாலும் வேலையைத் தட்டிக்கழிக்க மாட்டார். நாம் பேசுகிற ஏற்பாட்டின் இயல்பு அப்படியே இதில் இருக்கிறது. மேலும் ‘முறை’ உறவையும் குறிக்கும், நீதியையும் குறிக்கும். கணவன் மனைவி என்ற முறை அற்றுப்போன பின்னும் தாய், தந்தை என்ற முறை அறுவதில்லை. ஆகவே ‘முறைக்கூடு’ என்கிறேன். வினையாக, ‘முறைக்கூட்டில் வளர்த்தல்’.

வடசென்னை மாடிகளில் புறா வளர்ப்பவர்களுக்கு இந்தப் பெயர் உடனே விளங்கும். பகலின் நடுப்பகுதியில் ஆண்புறா முட்டைமேல் அமர்ந்திருக்கும். மாலையில் பெண்புறா வந்து அமர்ந்து மறுநாள் முற்பகல்வரை அடைகாக்கும். குஞ்சு பொரித்தபின் இரண்டுமே தொண்டைப்பையில் ஊறும் பாலை ஊட்டுகின்றன. ஒன்று எழுந்தால் மற்றது அமர்கிறது, முட்டை குளிர்வதில்லை.

முறை இல்லாத நாட்களில் தாயோ தந்தையோ தங்கும் இடத்துக்கும் ஒரு பெயர் வேண்டும். நம் பகுதியில் அது பெரும்பாலும் பிள்ளையின் ஆயா வீடாகவோ, அண்ணன் வீட்டு முன்னறையாகவோ இருக்கும். மூன்று வாடகை கொடுக்க எல்லோராலும் ஆகாது. குறள் (340) உயிர் நிலையாகப் புகுந்திருக்கும் வீட்டைப் ‘புக்கில்’ என்றும், ஒதுங்கியிருக்கும் இடத்தைத் ‘துச்சில்’ என்றும் பிரிக்கிறது. பிள்ளை இருப்பது புக்கில். பெற்றோர் ஒதுங்குவது துச்சில். வழக்கொழிந்த இந்த இரண்டு சொற்களையும் இதற்காகவே மீட்டெடுக்கலாம் என்று மிகவும் ஆசைப்படுகிறேன்.

ஒரு குழப்பத்தை மட்டும் தவிர்க்க வேண்டும். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் பேசும் ‘பகிர்ந்து வாழும் இல்லம்’ வேறு. அது பெண்ணை அவள் வாழ்ந்த வீட்டிலிருந்து வெளியேற்றாமல் காக்கும் உரிமை. அடியும் மிரட்டலும் இருந்த வீட்டில் முறைக்கூடு என்ற பேச்சுக்கே இடமில்லை, ஏனெனில் ஒரே சாவியும் ஒரே சமையலறையும் இருவர் கையிலும் இருக்கும் ஏற்பாடு அது.

இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவின்படி இருவரும் ஒப்பி மணமுறிவு கேட்கும்போது, வளர்ப்புப் பொறுப்பு பற்றிய உடன்பாட்டில் இதையும் எழுதிக் கேட்கலாம். பிள்ளையின் நலன் பார்த்து ஏற்பது நீதிமன்றத்தின் முடிவு. அங்கு வெறும் பெயர் போதாது. எந்தக் கிழமை எந்த நேரத்தில் முறை மாறும், வாடகையும் கரண்ட் பில்லும் யார் பங்கு எவ்வளவு, எத்தனை மாதம் கழித்து இதை மறுபடி பேசுவது என்பதையெல்லாம் ‘முறைக்கூடு’ என்ற தலைப்பின்கீழ் வரிவரியாக எழுத வேண்டும்.