பாய்லர் அறையில் ஒரு 'டக்'

அமெரிக்காவின் பாஸ்டன் பக்கம் பழைய வீடொன்றை வாங்கியிருக்கும் வாசகர் கேட்கிறார்: "சுவரில் இருந்து அறையின் சூட்டைக் கவனிக்கும் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டே இரண்டு மெல்லிய கம்பிகள்தான் வருகின்றன. அவை எப்படி நிலவறையில் உள்ள பம்பையும் பாய்லரையும் இயக்குகின்றன?"

அந்தக் குளிர்ப் பிரதேச வீடுகளில் பாய்லர் தண்ணீரைச் சூடாக்கும். பம்ப் அதைக் குழாய்களில் சுற்றவிட்டு அறைகளைச் சூடேற்றும். மாடிக்கு ஒன்று, கீழ்த்தளத்துக்கு ஒன்று எனத் தனித்தனி தெர்மோஸ்டாட், தனித்தனி பம்ப் வைப்பது வழக்கம். இவற்றுக்கு நடுவே உட்கார்ந்திருப்பது ரிலே பெட்டி.

தெர்மோஸ்டாட்டில் ஓடுவது 24 வோல்ட். பம்ப் கேட்பது 120 வோல்ட். அறை குளிர்ந்ததும் தெர்மோஸ்டாட் தன் இரு கம்பிகளையும் இணைக்கிறது. பெட்டிக்குள் மயிரிழைத் தாமிரக் கம்பிச் சுருளில் மின்சாரம் பாய, நடுவில் உள்ள இரும்பு காந்தமாகி, எதிரே இருக்கும் சிறு தகட்டை வெடுக்கென்று இழுக்கிறது. 'டக்'. அந்த அசைவில் இரு தொடுமுனைகள் சேர, பம்ப் சுழல்கிறது. கட்டளையிட்ட மின்சாரமும் கீழ்ப்படிந்த மின்சாரமும் எங்குமே தொட்டுக்கொள்ளவில்லை. இடைவெளியைக் கடந்தது காந்தப்புலம் மட்டும். அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் ஹென்றி 1835 வாக்கில் செய்து காட்டிய வித்தை இது.

பம்ப் ஓடினால் போதுமா, பாய்லர் எரிய வேண்டாமா? அதற்காகவே ரிலே பெட்டியில் எக்ஸ், எக்ஸ் என்று குறித்த இரண்டு திருகுகள் உண்டு. அங்கிருந்து பாய்லரின் டி, டி முனைகளுக்கு இரண்டு கம்பிகள் போகும். எந்தப் பகுதி சூடு கேட்டாலும் எக்ஸ் இரண்டும் உள்ளே இணைந்துவிடும். கேட்டது மாடியா, கீழ்த்தளமா என்பது பாய்லருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். எக்ஸ் முனைகளுக்குச் சொந்த மின்சாரம் கிடையாது. அழைப்புமணிப் பொத்தான் போல வெறும் சுவிட்ச். வேண்டிய 24 வோல்ட்டைப் பாய்லரே தன் மின்மாற்றியிலிருந்து தருகிறது. அவசரக்காரர் ஒருவர் ரிலே பெட்டியின் மின்மாற்றி தரும் 24 வோல்ட்டையும் அங்கே சேர்த்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மின்மாற்றிகளின் அலைகளும் எதிரெதிராக அமைந்தால் இடையே 48 வோல்ட். ஏதாவது ஒன்று புகையும். ஒத்து அமைந்தால் எல்லாம் ஒழுங்காக ஓடும். ஆபத்தே அதில்தான். பழுதுபார்க்க வருபவர் பாய்லரின் சுவிட்சை அணைக்கிறார். ரிலே பெட்டியின் 24 வோல்ட், பாய்லர் மின்மாற்றிக்குள் பின்வாசல் வழியாக நுழைகிறது. எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று மின்மாற்றி பார்ப்பதில்லை. 120ஐ 24 ஆக்கிய அதே கம்பிச் சுற்றுக் கணக்கு, 24ஐ மீண்டும் 120 பக்கம் ஏற்றிவிடும். அணைத்தாயிற்று என்று நம்பி அவர் கைவைக்கும் கம்பியில் உயிரைக் குடிக்கும் மின்சாரம்!

நம் பள்ளிகளில் மின்மாற்றி பெரும்பாலும் ஐந்து மதிப்பெண் படம். முன்னும் பின்னுமாக ஓட்டிக் காட்ட ஒரு சிறு மின்மாற்றி வாங்க ஆய்வகத்துக்குக் காசிருக்காது. கணினித் திரை வைத்த வகுப்பறைக்கு மட்டும் காசு எங்கிருந்தோ வந்துவிடும்.

இன்னொன்று. குளியலுக்கான வெந்நீர்த் தொட்டியையும் ஒரு பகுதியாக இதே பெட்டியில் இணைப்பதுண்டு. அதற்கு முன்னுரிமை கொடுக்கும் சுவிட்சும் பெட்டியிலேயே இருக்கும். தொட்டி சூடு கேட்டதும் மற்றப் பம்புகளை ரிலே நிறுத்திவைத்து, பாய்லரின் முழு வெப்பத்தையும் அங்கே திருப்பும். அரைமணி நேரத்தில் வீடு ஆறிவிடாது; சோப்புப் போட்டுக்கொண்டு நிற்பவரால் அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது.